எழுதுவதற்காக வேலையை மாற்றுவது: மூன்று வழிகளின் ஒப்பீடு

எழுத்துக்கு நேரம் ஒதுக்கியே தீர்வது என்று முடிவெடுத்தவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: இருக்கும் வேலையில் நீடித்தபடி அதிகாலையில் எழுதுவது, பொறுப்பும் வருமானமும் குறைந்த வேலைக்கு மாறுவது, வேலையை முற்றிலும் விட்டு எழுத்தையே தொழிலாகக் கொள்வது. நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகி, பகுதிநேரக் கணக்கர் வேலைக்கு மாறியவன் என்பதால், என் சாய்வு இரண்டாவது வழியின் பக்கமே இருக்கிறது.

முதல் வழியில் வருமானம் குறைவதில்லை. வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதுமில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே, காலை 5.30 மணிக்கு எழுத உட்கார்ந்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். அத்தகைய ஒழுங்கு கைவரப்பெற்றவர்கள் வேலையை மாற்ற வேண்டியதே இல்லை.

இரண்டாவது வழியைத் தேர்ந்தவர்களில் ஜெர்மன் மொழி எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா முக்கியமானவர். 1907இல் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்த அவர், நீண்ட பணிநேரம் எழுத்துக்கு இடம் தராததால் அடுத்த ஆண்டே அதைவிட்டு, பிற்பகல் 2 மணிக்கு முடியும் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்துக்கு மாறினார். அங்கே 1922 வரை பணியாற்றினார். அவருடைய முக்கியமான படைப்புகள் பெரும்பாலும் அந்த ஆண்டுகளில் எழுதப்பட்டவை.

ஆனால் மணிக்கணக்கை மட்டும் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றே வலியுறுத்துவேன். அலுவலகத்தை விட்டு வெளியேறியதும் வேலை மனத்தை விட்டும் வெளியேறுகிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருந்தபோது மாலைப் பொழுதுகள் எனக்கு இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் முடிக்காத மின்னஞ்சலும், மறுநாள் ஒருவரிடம் சொல்லியாக வேண்டிய கடுமையான செய்தியும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கையில், கதையில் ஒரு பாத்திரம் அடுத்து என்ன பேசும் என்று யோசிப்பதற்கு இடமே இருக்கவில்லை. கணக்கில் அப்படியில்லை: வரவும் செலவும் ஒத்துப்போனால் அன்றைய வேலை அன்றோடு தீர்ந்தது. நாள் முழுவதும் பிறருக்காக வாக்கியங்களைத் திருத்தும் வேலைகளும் இதே காரணத்தால் எனக்கு உகந்தவையாகத் தோன்றவில்லை. எழுத்துக்கு வேண்டிய அதே கவனத்தை அவை முன்கூட்டியே செலவழித்துவிடுகின்றன. இரண்டாவது வழிக்கான விலை, குறைந்த சம்பளமும் நின்றுபோன பதவி உயர்வும். கடனோ நீண்டகால மருத்துவச் செலவோ உள்ள குடும்பத்துக்கு அது சிறிய விலை அல்ல.

மூன்றாவது வழியில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை என்பதால் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதைத் தேர்ந்த நண்பர்கள் சிலர், வருமானத்துக்காகக் கேட்டதையெல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டுத் தங்கள் நாவலைத் தள்ளிப்போடுவதைப் பார்க்கிறேன். சேமிப்போ, துணைவரின் நிலையான வருமானமோ உள்ளவர்களுக்கு அது வேறு விதமாக அமையக்கூடும்.

இரண்டாவது வழியை நாடுபவர்கள், புதிய வேலையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே, பணிநேரத்துக்குப் பிறகு தொலைபேசி அழைப்புகள் வருமா என்பதை அங்கே ஏற்கெனவே பணியாற்றுபவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.