செம்மண் என்று சொல்லி இடிபாட்டைக் கொட்டினார்கள்: பெங்களூரில் மனையை மேடாக்குவோர் கவனத்துக்கு

பெங்களூரில் தாழ்ந்த மனையை உயர்த்துவதற்கு நிரப்பு மண் வாங்க இருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே சொல்லவில்லை. ஆனால் அவர் கையாண்ட வழிகள் அவர் ஒருவருக்கே உரியவை அல்ல என்பது, அக்கம்பக்கத்தில் வீடு கட்டிய சிலரோடு பேசியபோது தெளிவாயிற்று.

எங்கள் மனை கிருஷ்ணராஜபுரத்தைத் தாண்டி, ஹொசகோட்டே சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு லேஅவுட்டில் உள்ளது. வழக்கமான முப்பதுக்கு நாற்பது சைட். முன்னால் ஓடும் சாலைக்குத் தாரின் மேல் தாராகப் போட்டு உயர்த்திக்கொண்டே போனதால், மனை அதைவிட ஏறக்குறைய இரண்டடி பள்ளத்தில் கிடந்தது. 2022 செப்டம்பரில் மகாதேவபுரம், பெல்லந்தூர், சர்ஜாபுரம் சாலைப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததற்குப் பிறகு, நகரின் இந்தப் பக்கத்தில் மனையை உயர்த்தாமல் வீடு கட்டத் துணிவோர் குறைவு. சுற்றியுள்ள தரையைவிடப் பேஸ்மட்டம், அதாவது வீட்டின் அடித்தள மேல்மட்டம், குறைந்தது 45 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நியதி. அதோடு சுவரை ஒட்டிய மண் பத்தடி தூரத்துக்கு ஆறங்குலம் என்ற வாட்டத்தில் வெளிப்புறமாகச் சரிந்து, மழைநீரைச் சாலையோர வடிகாலுக்குக் கொண்டுபோக வேண்டும். இவை இரண்டுக்கும் போதுமான நல்ல செம்மண்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

மண் ஏற்பாடு செய்பவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர் என்று அறிமுகமானார். "நம்ம ஊர்க்காரங்க சார் நீங்க, உங்ககிட்டப் போய் நான் வியாபாரம் பார்ப்பேனா?" என்றார். வெளியூரில் நம் மொழி காதில் விழுந்தால் மனம் கொஞ்சம் இளகும் என்பதை இவர்கள் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். ஆயினும் பேச்சை நம்பி நாங்கள் நிற்கவில்லை. செம்மண் மட்டுமே வேண்டும், களிமண்ணும் கட்டட இடிபாடும் கலந்திருக்கக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவருடைய ஒப்புதலைக் குரல் பதிவாகவும் பெற்றோம். மாதிரிக்கு என்று ஒரு லோடு பட்டப்பகலில் வந்து இறங்கியது. கையில் எடுத்தால் உதிர்கிற, கல்லும் வேரும் இல்லாத அருமையான செம்மண். எங்கள் மேஸ்திரி அதைப் பிசைந்து பார்த்து, தாராளமாக வாங்கலாம் என்றார்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் இரவு லோடுகள். பகலில் கனரக வண்டிகளுக்கு நகரில் நேரக் கட்டுப்பாடு இருப்பதால் டிப்பர்கள் இரவில் ஓடுவது இயல்புதான். அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. காவலாளியிடம் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் ஒரு ஜேசிபி வந்து மண்ணைப் பரப்பிச் சமன் செய்துவிடும். அதற்குத் தனியாகக் கட்டணம் கிடையாது, எங்கள் கணக்கில் இலவசம் என்றார் விற்றவர். மேஸ்திரி காலையில் வரும்போது மனை முழுவதும் சிவப்பாக, மட்டமாகத் தெரியும். அந்த இலவச ஜேசிபிதான் இந்த ஏமாற்றின் உயிர்நாடி என்று இப்போது சொல்வேன். குவியலாகக் கிடந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரிந்துவிடும். பரப்பி, மேலே ஓரடிக்குச் செம்மண் போர்த்திவிட்டால் தோண்டினால் ஒழியத் தெரியாது.

சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு, குழாய் பதிக்கப் பிளம்பர் பள்ளம் தோண்டியபோது அடியில் இருந்தவை வெளியே வந்தன. சிமெண்ட் பூச்சுக் கட்டிகள், உடைந்த டைல்ஸ், பிவிசி குழாய்த் துண்டுகள், பழைய ஃபால்ஸ் சீலிங்கின் வெள்ளைப் பலகைகள், சென்ட்ரிங் மரத் துண்டுகள், ஒரு கிழிந்த மெத்தை. அதற்கும் கீழே, நாற்றமடிக்கிற கருப்புச் சேறு. ஏதோ ஒரு ஏரியைத் தூர்வாரி எடுத்த வண்டல் என்று மேஸ்திரி பார்த்தவுடன் சொன்னார்.

விற்றவரைக் கேட்டபோது, "மண்ணுல என்ன சார் ஏமாத்த இருக்கு? கீழ எது இருந்தா என்ன, மேல செம்மண் இருக்குல்ல?" என்றார். கீழே எது இருந்தாலும் பரவாயில்லை என்ற இந்த வாதத்தைப் பலரும் நம்பிவிடுகிறார்கள். இடிபாடு போட்டால் தரை கெட்டியாக இருக்கும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை வேறு. பெரிய துண்டுகளுக்கு நடுவே வெற்றிடங்கள் இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் மேலேயுள்ள பொடிமண் அந்த இடுக்குகளுக்குள் இறங்கிக்கொண்டே போக, தரை ஆங்காங்கே அமிழும். ஃபால்ஸ் சீலிங் பலகை ஜிப்சத்தால் ஆனது. அது நீரில் மெல்லக் கரைந்து குழி விழச் செய்வதோடு, அதிலிருந்து வரும் சல்ஃபேட் அஸ்திவாரக் கான்கிரீட்டையும் அரிக்கும். மரத்துண்டு கரையானுக்கு விருந்து. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டுகள் கலந்திருந்தால், தோண்டுகிறவர்களின் நுரையீரலுக்கே ஆபத்து.

எல்லாவற்றையும்விட மோசமானது ஏரிக் களிமண். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் பெங்களூரில் அதிகமாக மழை பெய்யும் காலம். அந்த மழை முடிந்தபோது கார் நிறுத்துமிடத்தின் தரை சரிந்து, சுவருக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் அளவு விரிசல் விட்டிருந்தது. பக்கத்துக் காம்பவுண்டு சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது. மண்ணைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்தோம். உப்பும் தன்மையை அளக்க ஐ.எஸ். 2720 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் பகுதி 40-இல் ஓர் எளிய சோதனை இருக்கிறது: உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு அளவுக் குடுவைகளில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி, 24 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது என்பதால், இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடே அதன் உப்பும் குணத்தைக் காட்டும். இந்த அளவு 50 சதவீதத்தைத் தாண்டிய மண்ணைச் சாலைக் கரை நிரப்பக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு சொல்கிறது. எங்கள் மனையில் எடுத்த மண் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது.

இந்த வியாபாரம் ஏன் இப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பது விளங்கும். பழைய வீட்டை இடிக்கிறவர் இடிபாட்டை அப்புறப்படுத்தக் காசு கொடுக்கிறார்; கட்டுமான மற்றும் இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை உரிய சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் அதற்குத் தூரமும் கட்டணமும் உண்டு. அடுக்குமாடிக்கு நிலத்தடித் தளம் தோண்டுகிறவரும் மண்ணை அள்ளிப் போகக் காசு கொடுக்கிறார். இவர்கள் இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்ட அதே டிப்பர்காரர், அதே சரக்கை உங்கள் மனையில் கொட்டி உங்களிடமும் வாங்குகிறார். அவருடைய உண்மையான தொழில் கழிவை அகற்றுவது; உங்கள் மனை அவருக்குக் கட்டணம் இல்லாத குப்பைமேடு. ஆகவே சந்தை நிலவரத்தைவிட ஒருவர் மிகவும் மலிவாகச் செம்மண் தருகிறார் என்றால், மீதிப் பணத்தை அவருக்கு வேறு யார் தருகிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அளவிலும் கை வைத்திருந்தார்கள். 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில், வந்தவை எல்லாம் ஐந்து யூனிட் வண்டிகள் என்று விற்றவர் விலை போட்டிருந்தார். பின்னொரு நாள் அவருடைய டிப்பர் ஒன்று பக்கத்துத் தெருவில் நின்றபோது உட்புறத்தை டேப் வைத்து அளந்தோம். நீளம் 14 அடி, அகலம் 7 அடி, உயரம் மூன்றரை அடி. பெருக்கினால் 343 கன அடி. மேலே எவ்வளவு குவித்தாலும் அது ஐந்நூறு ஆகாது. மட்டம் குறைகிறதே என்று கேட்டபோதெல்லாம், மண் உட்கார்ந்துவிட்டது என்று அவர் சொன்ன பதிலில் பாதி உண்மை இருந்ததுதான் வேடிக்கை. வண்டியில் தளர்வாக வரும் மண் திமிசு போட்டு இறுகும்போது ஏறக்குறைய கால் பங்கு குறையும். 1,200 சதுர அடியை இரண்டடி உயர்த்த இறுகிய மண் 2,400 கன அடி என்றால், தளர்வாக வாங்க வேண்டியது சுமார் 3,200 கன அடி. இந்த இயல்பான குறைவின் நிழலில் அவர் தம் திருட்டையும் மறைத்துக்கொண்டார்.

கெட்ட மண்ணை அள்ளி வெளியேற்ற ஆன செலவு, அதை வாங்கிய செலவைவிட அதிகம். கார் நிறுத்துமிடத்தையும் வாட்டம் வேண்டிய பக்கங்களையும் மட்டும் முழுதாகத் தோண்டி எடுத்தோம். புதிய மண்ணை வேறொருவரிடம் பகலில் மட்டும் வாங்கினோம். வெட்டுகிற இடத்துக்கே மேஸ்திரியும் நானும் போய்ப் பார்த்தோம். கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடத்தில் படிந்துவிடும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் களி அதிகம் என்று பொருள். ஒவ்வொரு வண்டியும் கொட்டியதும் குவியலைக் கடப்பாரையால் குத்திக் கிளறிய பிறகுதான் பணம். பரப்புவது எங்கள் ஆட்களின் வேலை. ஆறங்குலத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் பரப்பி, லேசாக ஈரப்படுத்தி, வாடகைக்கு எடுத்த அதிர்வு இயந்திரத்தால் இறுக்கினோம். மூன்றடியை ஒரேயடியாகக் கொட்டி மேலே தண்ணீர் விட்டால் தானாக உட்காரும் என்பது மண் வியாபாரிகள் பரப்பிய கதை. பக்கத்து மனைக்குத் தண்ணீர் பாயாதபடி வாட்டத்தைச் சாலைப் பக்கம் திருப்பியதையும் சொல்ல வேண்டும்; லேஅவுட்டில் பாதிச் சண்டைகள் அதில்தான் தொடங்குகின்றன.

வண்டிக்கு அனுமதிச் சீட்டு உண்டா என்று கேட்பதும் நல்லது. கட்டடம், சாலை நிரப்பப் பயன்படும் சாதாரண மண்ணையும் 2000 பிப்ரவரி 3-ஆம் தேதி அறிவிக்கை மூலம் மத்திய அரசு சிறு கனிமமாக்கியிருக்கிறது. எனவே அதை வெட்டி எடுத்துச் செல்ல முறையான அனுமதி வேண்டும். சீட்டு என்றதும் பேச்சை மாற்றுகிறவரிடம் மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாலும் நேரான பதில் வராது.

எங்களுக்குப் பில் தரவில்லை. இருப்பினும் யுபிஐ வழியாகப் பணம் போன விவரம், வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, காவலாளி கையெழுத்திட்ட சீட்டுகள், பள்ளத்தின் படங்கள், பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் பதிவு செய்யலாம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, ஒரே குறை உள்ள பலரின் சார்பில் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து புகார் செய்யவும் இடம் தருகிறது. ஹொசகோட்டே சாலைப் பக்கம் மண் வாங்கி, இதேபோல் இலவசமாக ஜேசிபி வந்து சமன் செய்து போயிருந்தால், கார் நிறுத்துமிடத்துக்கு டைல்ஸ் போடுவதற்கு முன்பு ஓரிடத்தில் மூன்றடி ஆழம் தோண்டிப் பாருங்கள்; வெளியே வருவதை அன்றைக்கே படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.