நப்தலீன் பளிங்கை மெர்க்குரியில் திறந்து படிப்பித்த அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவர்கள் மெர்க்குரி மென்பொருளைக் கட்டாயம் பதிந்து வைத்திருங்கள். எக்ஸ் கதிரால் கண்டறிந்த பளிங்குக் கட்டமைப்புகளை முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்க்கவும் அளக்கவும் உதவும் இதை, கேம்பிரிட்ஜ் பளிங்கியல் தரவு மையம் வெளியிடுகிறது. அடிப்படைப் பதிப்புக்குக் காசு இல்லை, கட்டமைப்புக் கோப்புகளையும் முன்னரே இறக்கி வைத்துவிட்டால் வகுப்பு நேரத்தில் இணையம் தேவையில்லை, அதனால் சிக்னல் சரியாக எடுக்காத உள்ளூர்களிலும் பாடம் தடைப்படாது. சில வருடமாக என் பழைய மடிக்கணினியில் ஓடுகிறது.

நான் அதிகம் திறப்பது நப்தலீன். அலுமாரியில் துணிக்குள் போடுகிற வெள்ளை உருண்டைதான், இரண்டு வளையங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்ட தட்டையான மூலக்கூறு. நீளம் அளக்கும் பொத்தானை அமுக்கி இரண்டு காபன்களைத் தொட்டால் இடையில் கோடு விழுந்து எண் வரும். 1ஆம், 2ஆம் காபன்களுக்கிடையில் ஏறக்குறைய 1.37 அங்ஸ்ட்ரோம் (ஒரு மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு அங்ஸ்ட்ரோம்), 2க்கும் 3க்கும் இடையில் 1.41. பென்சீனில் ஆறும் ஒரே நீளம் என்று பாடமாக்கி வந்த பிள்ளைகள் இங்கேதான் நிமிர்வார்கள். "சேர், இது மற்றதைவிடக் கட்டையா இருக்கு" என்று பின்வாங்கில் இருந்து குரல் வரும். உடனே மூன்று பரிவுக் கட்டமைப்புகளையும், அதாவது இரட்டைப் பிணைப்புகளை இடம் மாற்றி வரையும் மூன்று விதங்களையும், கீறி, 1–2 பிணைப்பு எத்தனையில் இரட்டை என்று எண்ணச் சொல்வேன். மூன்றில் இரண்டு. 2–3 பிணைப்போ ஒன்றில் மட்டும்தான். இரட்டைத் தன்மை கூடினால் பிணைப்பு கட்டையாகும். கொப்பியில் எண்ணிய கணக்கும் எக்ஸ் கதிர் அளந்த நீளமும் ஒத்துப்போவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிற அந்த நேரத்துக்காகவே இந்த மென்பொருளை வைத்திருக்கலாம்.

அடுக்கைக் காட்டும் பகுதியும் அருமை. அலகுக் கலத்துக்கு, அதாவது பளிங்கு முழுதும் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டிக்கு, இரண்டு மூலக்கூறுகள், மீன்முள் மாதிரி ஒன்றுக்கொன்று சரிந்து நிற்கும். இடையில் வலுவான பிணைப்பு எதுவும் இல்லை, மூலக்கூறுகளுக்கிடையிலான நலிந்த கவர்ச்சியான வந்தர்வாலிசு விசைதான். 80 பாகை செல்சியஸிலேயே உருகுவதும், உருண்டை அலுமாரிக்குள்ளேயே ஆவியாகிக் காணாமல் போவதும் அப்போது தானாகவே விளங்கிவிடும்.

அப்புறம் மூன்று வளையங்கள் வரிசையாக ஒட்டிய அந்திரசீனையும் பக்கத்தில் திறவுங்கள். கலத்தின் இரண்டு பக்கங்கள் கிட்டத்தட்ட மாறாது, மூன்றாவது மட்டும் 8.7இல் இருந்து 11.2 அங்ஸ்ட்ரோமுக்கு நீளும். கூடுகிற 2.5 ஒரு வளையத்தின் அகலம். 1921இல் எக்ஸ் கதிர்ப் பளிங்கியல் முன்னோடி வில்லியம் ஹென்றி பிராக் (பிராக் தந்தை-மகனில் தந்தை) இதை வைத்துத்தான் வளையம் கற்பனை இல்லை, உண்மையான அளவுள்ள பொருள் என்று வாதித்தார். மூலக்கூறு முழுதும் அணு அணுவாகத் தெரிய வருமுன்னரே இவ்வளவு சொல்ல முடிந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். காபன்–ஐதரசன் நீளத்தை அளந்தால் 0.95 அளவில் காட்டலாம், இரண்டு அணுக்கருக்களுக்கிடையிலான உண்மையான தூரம் 1.08க்குக் கிட்ட. எக்ஸ் கதிர் பார்ப்பது இலத்திரன்களை, ஐதரசனின் ஒற்றை இலத்திரன் காபன் பக்கம் இழுபட்டிருக்கும், அதனால் வருகிற வித்தியாசம் இது. ஐதரசன்களைச் சரியான தூரத்துக்கு நகர்த்தும் தெரிவு மென்பொருளிலேயே உண்டு. ஆனால் முதலில் திருத்தாமல் அளக்க விடுங்கள், பிள்ளைகள் ஏன் என்று கேட்ட பிறகு அதை அமுக்குங்கள்.