ஏஐஎஸ் அறிக்கை: டிவிடெண்டுக்கு நம்பலாம், விற்பனைக் கணக்குக்கு நம்ப முடியாது

வருமான வரித்துறையின் இணையதளத்தில் 2021 நவம்பரில் அறிமுகமான ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை இலவசம். பங்கு வாங்கி விற்பவர்கள் ரிட்டர்ன் போடும் முன் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அதிலுள்ள எண்களை அப்படியே ரிட்டர்னில் ஏற்றினால் வரிக் கணக்கு தவறிவிடும்.

எடுப்பது சுலபம். லாகின் செய்து, ஏஐஎஸ் மெனுவில் நிதியாண்டைத் தேர்ந்தெடுத்து பிடிஎஃப் இறக்க வேண்டியதுதான். பாஸ்வேர்டு, சிறிய எழுத்தில் பான் எண்ணும் அதையொட்டி எட்டு இலக்கத்தில் பிறந்த தேதியும். ஏப்ரலில் எடுத்தால் பாதித் தகவல்தான் இருக்கும்; நிறுவனங்களும் டெபாசிட்டரிகளும் (பங்குகளை மின்னணு வடிவில் பாதுகாக்கும் அமைப்புகள்) விவரம் தர மே 31 வரை அவகாசம் உண்டு. ஜூன் நடுவில் எடுப்பது நல்லது.

டிவிடெண்ட், அதாவது நிறுவனம் பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கு, பற்றிய பகுதிதான் இதில் மிகப் பயனுள்ளது. வங்கிக்கு 10,800 ரூபாய் வந்தால் பலர் அதையே வருமானமாகக் காட்டுகிறார்கள். நிறுவனம் அறிவித்தது 12,000, அதில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடித்த வரி என்பது ஏஐஎஸ்ஸில் தெரியும். 12,000 ரூபாயைக் காட்டிவிட்டு, 1,200 ரூபாயை ஏற்கெனவே கட்டிய வரியாகக் கோர வேண்டும். ஒரே டிவிடெண்ட் டிடிஎஸ் பகுதியிலும் எஸ்எஃப்டி (நிதிப் பரிவர்த்தனை அறிக்கை) பகுதியிலும் இரண்டு முறை வரும். இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். கூடவே கிடைக்கும் டிஐஎஸ் என்ற வரி செலுத்துவோர் தகவல் சுருக்கத்தில் இந்த இரட்டிப்பு பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும்.

பங்கு விற்பனைப் பகுதியில்தான் சிக்கல். டெபாசிட்டரிக்குத் தெரிவது டீமேட்டிலிருந்து, அதாவது பங்குகளை வைத்திருக்கும் மின்னணுக் கணக்கிலிருந்து, பங்கு வெளியேறியது மட்டும்; நீங்கள் விற்ற விலை தெரியாது. அதனால் அன்றைய இறுதி விலையை வைத்து மதிப்பிடுகிறது. காலையில் 100 பங்கை 520 ரூபாய்க்கு விற்று, சந்தை 505-இல் முடிந்தால், ஏஐஎஸ் காட்டுவது 50,500. புரோக்கர் தரும் பரிவர்த்தனைச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டில் இருப்பது 52,000. ரிட்டர்னில் போக வேண்டியது கான்ட்ராக்ட் நோட்டின் தொகைதான். வாங்கிய விலையும் மதிப்பீடுதான் என்பதால் அதையும் சரிபாருங்கள். புரோக்கரேஜைச் செலவாகக் கழிக்கலாம், எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரியைக் கழிக்க முடியாது.

ஒரு டீமேட்டிலிருந்து உங்களுடைய இன்னொரு டீமேட்டுக்குப் பங்கை மாற்றினால், அது ஆஃப் மார்க்கெட் டெபிட்டாக (சந்தைக்கு வெளியே நடந்த மாற்றமாக) இங்கே வந்து நிற்கும். அது விற்பனை அல்ல, வரியும் இல்லை. அந்தப் பதிவைத் திறந்து ஃபீட்பேக் பகுதியில் பொருத்தமான பதிலைத் தேர்ந்தெடுங்கள். புதிய புரோக்கரின் லாப நஷ்ட அறிக்கை மாற்றிய தேதியையே வாங்கிய தேதியாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 12 மாதம் தாண்டிய பங்கு அப்போது குறுகிய காலமாகிவிடும். 2024 ஜூலை 23 முதல் குறுகிய கால லாபத்துக்கு வரி 20 சதவீதம்; நீண்ட காலத்துக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் போக மீதிக்கு 12.5 சதவீதம். ஒரு தேதி தவறினால் வரி எவ்வளவு ஏறும் என்று பாருங்கள்! பங்கு வாங்கிய விவரங்களைப் பழைய புரோக்கரிடமுள்ள கணக்கை மூடும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது), எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வர்த்தகம்) இரண்டும் பொதுவாக டீமேட்டைத் தொடுவதில்லை. டெபாசிட்டரி தரும் தகவலில் அவை இருக்காது. ஏஐஎஸ்ஸில் இல்லை என்பதால் காட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. இரண்டும் தொழில் வருமானம், ஐடிஆர்-3 படிவம் வேண்டும். இன்ட்ராடே நஷ்டத்தை அதே வகை லாபத்தோடு மட்டுமே 4 ஆண்டுகள் வரை ஈடுகட்டலாம். மூலதன நஷ்டத்துக்கு, அதாவது பங்குகளை வைத்திருந்து விற்றதில் வந்த நஷ்டத்துக்கு, 8 ஆண்டுகள். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடாவிட்டால் இரண்டையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.