பொம்மையா, வகுப்புத் தோழனா, காசிமேட்டு அக்காவா?

பார்மசி படிக்கும் பிள்ளைகளை நோயாளியிடம் பேசப் பழக்க எதை நம்புவது? விலை கூடிய பொம்மையையா, கணினித் திரையில் வரும் நோயாளியையா, வகுப்புத் தோழனையா, நோயாளியாக நடிக்கப் பழகிய ஆளையா? வண்ணாரப்பேட்டை மருந்துக்கடையில் சில வருஷம் நின்றுவிட்டு, அப்புறம் பாடம் எடுக்கப் போனவன் நான். என் ஓட்டு கடைசி ஆளுக்குத்தான்.

பொம்மையைக் குறைசொல்ல மனசு வரவில்லை. 1960-இல் நார்வேயின் ஆஸ்மண்ட் லேர்டால் கொண்டுவந்த 'ரெசஸி ஆன்' பொம்மையில்தான் எத்தனையோ பேர் மார்பை அழுத்தி உயிர்காக்கப் பழகினார்கள். இன்றைய பொம்மைக்கு நாடி துடிக்கும், பிரஷர் ஏறி இறங்கும், மூச்சில் வீசிங் கேட்கும். ஒவ்வாமையில் சுருண்டவருக்குப் பதறாமல் அட்ரினலின் எடுத்துக் கொடுக்கப் பழக அது போதும். ஆனால் மருந்துக்கடையில் அப்படிப்பட்ட நிமிஷம் எத்தனை வரும்?

கணினி நோயாளி டோஸ் கணக்குக்குச் சரி. நூறு தடவை தப்பினாலும் கோபப்படாது.

வகுப்புத் தோழனுக்குச் செலவில்லை. சிக்கல் என்னவென்றால் அவனும் அதே புத்தகத்தைப் படித்தவன். 'வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்றால், 'மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், இரண்டு வேளை' என்பான். ராயபுரத்தில் எந்த ஆயா அப்படிப் பேசும்? 'வெள்ளையா, நீளமா ஒண்ணு குடுத்தாங்கப்பா.' அவ்வளவுதான்.

நடிக்கும் நோயாளி என்ற யோசனை 1963-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கியது. நாங்கள் காசிமேட்டு மீன் வியாபாரி அக்கா ஒருவரைப் பழக்கினோம். கையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரைக்கான சீட்டு. 'காலைல டிபனோட ஒண்ணு' என்றான் மாணவன். அக்கா தலையாட்டினார். அவருக்குக் காலை என்பது ஏலத்துக்கு எழும் இரண்டு மணி. அப்போது வெறும் டீதான், சாப்பாடு பத்து மணிக்கு. டீயோடு மாத்திரையைப் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். கேட்டால் மட்டுமே இதைச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தந்த குறிப்பு. மாணவன் கேட்கவில்லை.

இன்சுலினும் அப்படித்தான். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். அக்கா வேண்டுமென்றே மாற்றி எடுப்பார். 'நீங்களே இழுத்துக் காட்டுங்க' என்று சொல்லும் மாணவனிடம்தான் அது பிடிபடும்.

குறை இல்லாமல் இல்லை. பத்தாவது மாணவன் வரும்போது அக்கா களைத்துவிடுகிறார், முதல் ஆளிடம் மறைத்ததை இவனிடம் உளறிவிடுகிறார். பரீட்சைக்கு வைத்தால் இது அநியாயம். ஒரு நாளைக்கு ஆறு பேர், நடுவில் டீ என்று மாற்றிக்கொண்டோம். டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) முடித்தவர்கள் எப்படியும் 500 மணி நேரப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகிறார்களே என்பார்கள். போகட்டும். அங்கே கவுண்டருக்கு வெளியே நீளும் வரிசையில் யார் நின்று தப்பைத் திருத்துவார்கள்?

அன்று நடிப்பு முடிந்ததும் அக்கா அந்தப் பையனிடம் சொன்னார்: 'இன்னா தம்பி, என் மூஞ்சியப் பாக்காம சீட்டையே பாத்துக்கினு பேசுற?' மறுபடி உட்கார்ந்தபோது அவன் முதலில் கேட்டது, 'எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்கக்கா?'