ரீமேப் என்று காசு வாங்கிப் பொட்டியை மாட்டிவிட்டார்கள்: பழைய 530டி வைத்திருப்பவர்கள் படியுங்கள்

பழைய பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஆடி டீசல் காரை வைத்துக்கொண்டு "கொஞ்சம் பவர் ஏத்திக்கலாமே" என்று ரீமேப் செய்ய, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கைத் திருத்த, யோசிக்கிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். அதில் ரீமேப் செய்வதாகச் சொன்ன கராஜ் கைக்குப் போனது அறுபத்தெட்டாயிரம்தான். மீதி எல்லாம் அவர்கள் செய்த வேலையால் வந்த செலவு.

என் கார் 2009 மாடல் பிஎம்டபிள்யூ 530டி. இ60 என்பார்களே, அந்த மாடல். பிஎம்டபிள்யூ 2007-ல் சென்னைக்குப் பக்கத்தில் மகேந்திரா சிட்டியில் ஆலை தொடங்கிய பிறகு இங்கேயே பூட்டி வெளியே வந்த கார்களில் ஒன்று. 2019-ல் இரண்டாவது ஓனராக வாங்கினேன். மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், 235 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை). ஈரோட்டிலிருந்து கோவைக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வருவேன். ஒரு நாள்கூட நடு ரோட்டில் நிற்கவைத்ததில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு அடுத்து நான் அதிகமாகக் கவனித்துக்கொண்டது அந்தக் காரைத்தான்.

ரீமேப் என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. இந்த எஞ்சினில் கம்பெனி விட்டுவைத்த இடம் நிஜமாகவே உண்டு. இதே குடும்பத்து எஞ்சினில் இரண்டு டர்போ வைத்து 535டி-யில் அவர்களே 286 குதிரைத்திறன் எடுத்தார்கள். தெரிந்தவர் கையில், ஒற்றை டர்போவோடு 280 பக்கம் வரைக்கும் ஒழுங்காகக் கொண்டுவர முடியும். இந்த உண்மையைத்தான் அந்த கராஜ்காரர் தூண்டிலில் புழுவாக மாட்டினார்.

போன வருடம் ஏப்ரலில் கோவையில் அவரைப் பார்த்தேன். பேச்சில் குறையே சொல்ல முடியாது. எஞ்சின் நம்பரைப் பார்த்ததுமே எம்57 என்று எஞ்சின் குடும்பத்தின் பெயரைச் சொன்னார். காற்று உள்ளே போகும் இன்டேக்கில் இருக்கும் ஸ்வர்ல் ஃபிளாப் என்கிற சின்னத் தகடு இந்தக் குடும்பத்துப் பழைய எஞ்சின்களில் உடைந்து சிலிண்டருக்குள் விழுந்த கதையைச் சொன்னார். அதுவும் உண்மைதான். விஷயம் தெரிந்தவர் என்று நம்பிவிட்டேன். "சார், கம்பெனிக்காரன் பாதியத்தான் குடுத்திருக்கான். மீதிய நாம எடுத்துக்கலாம்" என்றார். ரீமேப்புக்கு 45,000. காரை ஒரு இஞ்ச் இறக்க ஜெர்மன் ஸ்பிரிங் செட்டுக்கு 23,000. எஞ்சின் பவரை அளக்கும் டைனோ மெஷின் அவரிடம் இல்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி நண்பர் ஒருவரிடம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் முன்னும் பின்னும் ஓட்டி அளந்து தருகிறேன் என்றார்.

மூன்றாம் நாள் கார் வந்தது. கூடவே கலர் பிரிண்டில் ஒரு கிராஃப், ரீமேப்புக்கு முன்னால் 231 குதிரைத்திறன், பின்னால் 284. பணத்தை யுபிஐ-யில் அனுப்பினேன். பில்லில் "சர்வீஸ் – 68,000" என்று ஒரே வரி. அன்றைக்கு அது கண்ணில் உறுத்தவில்லை.

கார் வேகமாகத்தான் போனது. அதை மறைக்க மாட்டேன். பெருந்துறை தாண்டி லாரியை ஓவர்டேக் செய்யும்போது சீட்டில் முதுகு பதிந்தது. ஆனால் மிதித்தால் பின்னால் கரும்புகை. போன் செய்து கேட்டேன். "டியூன் பண்ணா கொஞ்சம் புகை வரத்தான் சார் செய்யும்" என்றார். ஒழுங்காக மேப் எழுதினால் உள்ளே வரும் காற்றுக்கு எவ்வளவு டீசல் எரியுமோ அவ்வளவுக்குத்தான் வரம்பு வைப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற புகை வரக்கூடாது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் அப்போதே இடித்தது. டேஷ்போர்டில் மைலேஜ் எப்போதும்போல 13 என்றே காட்டியது. ஆனால் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் போட்டால் பத்தரைதான் வந்தது. ஒரு தடவை பங்க்கில் அளவு குறைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பங்க்கை மாற்றியும் அதே பத்தரை. இந்த இரண்டரைக் கிலோமீட்டர் வித்தியாசத்தில்தான் மொத்த மோசடியும் இருந்தது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

ஆகஸ்டில் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் உறுமுகிறது, கார் ஏறவில்லை. திரையில் கியர்பாக்ஸ் கோளாறு என்று வந்தது. பிறகு ஒரே கியரில் பூட்டிக்கொண்டது. பின்னால் அரசு பஸ், பக்கத்தில் பள்ளம், பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். ஒரு மணி நேரம் அந்த வளைவில் நின்றோம். பணத்தைவிட அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கராஜுக்குப் போன் போட்டேன். "கியர் ஆயில் மாத்தாம ஓட்டியிருப்பீங்க" என்றார். அது பொய். பிஎம்டபிள்யூ ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொன்னாலும், கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு 96,000-லேயே ஆயிலையும், ஃபில்டரோடு சேர்ந்த அடித்தட்டையும் மாற்றி பில் வைத்திருக்கிறேன். அதைச் சொன்னதும் அவர் பேச்சு குறைந்தது. அதற்குப் பிறகு போன் எடுப்பதும் நின்றது.

ஈரோட்டில் ஜெர்மன் கார் மட்டும் பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வண்டியை அங்கே இறக்கினேன். எஞ்சின் கவரைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க, இந்தப் பொட்டி எப்பப் போட்டீங்க?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு டப்பா, மேலே பெயர் இல்லை, வயரிங்கோடு வயரிங்காக டேப் சுற்றி ஒளித்திருந்தது. சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தத்தில் வைத்து அனுப்பும் 'ரயில்' என்கிற குழாயின் பிரஷர் சென்சாருக்கும், இசியு என்கிற எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டியிருந்தார்கள். ஆன்லைனில் நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான்.

அது என்ன செய்கிறது என்று அண்ணன் பொறுமையாக விளக்கினார். ரயிலில் இருக்கிற நிஜ அழுத்தத்தை அது இசியு-வுக்குக் குறைத்துச் சொல்கிறது. இசியு அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது, டீசல் அதிகமாகப் பாய்கிறது. ஆனால் இசியு கணக்கில் அது எப்போதும் அடிக்கிற அளவுதான். டேஷ்போர்டில் 13 காட்டியதற்குக் காரணம் இதுதான். அந்தக் கணக்கே பொய்த் தகவலில் போட்டது.

இதைவிட மோசமானது கியர்பாக்ஸில் நடந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை எஞ்சின் சொல்கிற டார்க்கை வைத்துத்தான் முடிவு செய்கிறது. 500 வருகிறது என்று இசியு சொன்னால் 500-க்கான பிடி. நிஜத்தில் அதைவிடக் கூடுதலாக வந்தால் தட்டு வழுக்கும், சூடாகும், தேயும். "உங்க கியர்பாக்ஸ் நல்ல பாக்ஸுங்க. அதுகிட்டப் பொய் சொல்லிட்டாங்க, அவ்வளவுதான்" என்றார் அண்ணன். முறையான ரீமேப்பில் டார்க் கணக்கையும் சேர்த்துத் திருத்துவார்கள். அப்போது கியர்பாக்ஸுக்கும் நிஜம் தெரியும்.

இசியு-வைக் கழற்றி டேபிளில் வைத்துப் படித்து, அதே வெர்ஷனின் கம்பெனி ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பைட்கூட மாறவில்லை. ரீமேப் நடக்கவே இல்லை.

ஸ்பிரிங் கதை சின்னது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. ஜாக்கியில் தூக்கியதும் முன் ஸ்பிரிங் இரண்டும் அவை உட்காரும் கிண்ணத்தில் லொடலொடவென்று ஆடின. நீல பெயின்டைச் சுரண்டினால் அடியில் கம்பெனி அடையாளம். முனையில் கிரைண்டர் வைத்த தடம். என் பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்து, பெயின்ட் அடித்து எனக்கே விற்றிருக்கிறார்கள். பள்ளத்தில் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது அது அந்தக் கிண்ணத்தை விட்டு விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த டைனோ கிராஃபை எடுத்துப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் காற்றின் வெப்பம் 14 டிகிரி. ஏப்ரல் மாதக் கோவையில்! எந்த நாட்டிலோ யாரோ ஓட்டிய கார். நான் விடும்போது எடுத்த போட்டோவில் ஓடோமீட்டர் 1,12,346. எடுக்கும்போது 1,12,349. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டைனோவுக்கு மூன்று கிலோமீட்டரில் எப்படிப் போய்வந்தார்கள்?

கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்ட 1,72,000. வால்பாறை ரோட்டிலிருந்து ஈரோட்டுக்கு டோயிங் 11,000. நல்ல ஸ்பிரிங் 26,000.

நேரில் போனேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "புகார் குடுங்க சார். மாடிஃபிகேஷனே சட்டப்படி தப்பு. உங்க ஆர்சிதான் போகும்." இந்தப் பயத்தில்தான் பல பேர் வாயைத் திறப்பதில்லை என்று நினைக்கிறேன். சட்டம் கடுமைதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ ஓனருக்கு உண்டு என்று வந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் இறங்கியது என் தப்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு வால்பாறையில் விபத்து நடந்திருந்தால் கிளெய்ம் தகராறாகியிருக்கும்.

ஆனால் என் தப்பு அவருக்கு ஏமாற்ற லைசென்ஸ் ஆகாது. வக்கீலைப் பார்த்தேன். பில்லில் ரீமேப் என்ற சொல்லே இல்லாததால் வழக்கு பலவீனம் என்றார். ஆனாலும் யுபிஐ ரசீது, ரீமேப் விலை பேசிய வாட்ஸ்அப், அறுத்த ஸ்பிரிங், ஓடோமீட்டர் போட்டோ எல்லாம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆன்லைனிலேயே போடலாம். நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அடுத்த மாதம் முதல் வாய்தா. ஸ்பிரிங்கையும் பொட்டியையும் அண்ணன் பட்டறையில் சீல் போட்டு வைத்திருக்கிறோம்.

எங்கேயாவது ரீமேப் செய்து வாங்கியவர்கள், காரில் புகையும் இருந்து, டேஷ்போர்டு மைலேஜும் டேங்க் கணக்கும் ஒத்துவரவில்லை என்றால், மலை ஏறுவதற்கு முன்னால் எஞ்சின் கவரைக் கழற்றி ரயில் சென்சாரிலிருந்து வரும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். நடுவில் டப்பா இருந்தால் போட்டோ எடுத்துவிட்டு, வேறொரு பட்டறையில் வைத்துக் கழற்றுங்கள். மாட்டிய இடத்துக்கே திரும்பக் கொண்டுபோகாதீர்கள், அத்தாட்சி காணாமல் போய்விடும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் பில்லையும் கிராஃபையும் எனக்கு அனுப்புங்கள். 14 டிகிரி கிராஃப் இன்னொரு கையிலும் இருந்தால் என் மனுவோடு சேர்க்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.