கைரேகை வழக்கு: மாநில நீதிமன்றமா, ஃபெடரல் நீதிமன்றமா?

வேலையை விட்டு வந்த பிறகும் வருகைப் பதிவுக் கருவியில் வைத்த கைரேகையை நிறுவனம் அழிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இதற்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வழக்கை மாநில நீதிமன்றத்தில் போடுவதா, ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் போடுவதா என்பதில்தான் பலருக்குக் குழப்பம்.

வழக்காடும் தகுதி
மாநிலம்: சட்டம் தந்த உரிமை மீறப்பட்டாலே போதும், தனியாக இழப்பைக் காட்ட வேண்டியதில்லை (சிக்ஸ் ஃபிளாக்ஸ் வழக்கு, 2019).
ஃபெடரல்: மெய்யான பாதிப்பு வேண்டும். ரேகையை எப்போது அழிப்போம் என்ற கொள்கையை வெளியிடவில்லை என்பது மட்டும் போதாது (காம்பஸ் நிறுவன வழக்கு, 2020). வைத்திருந்த நோக்கம் முடிந்தும், அல்லது கடைசித் தொடர்புக்குப் பின் 3 ஆண்டு கடந்தும், ரேகையை வைத்திருந்தால் போதும் (டக்கோட்டா நிறுவன வழக்கு, 2020).

இழப்பீடு
இரண்டிலும் ஒன்றே: அலட்சியத்துக்கு 1,000 டாலர், வேண்டுமென்றே செய்திருந்தால் 5,000.

அலைச்சல்
மாநிலம்: நிறுவனம் வழக்கை ஃபெடரலுக்கு இழுக்கப் பார்க்கும். இழுத்தால், அங்கே மெய்யான பாதிப்பு வேண்டும் என்பதால், வழக்குப் போட்டவருக்குப் பாதிப்பு உண்டு என்று நிறுவனமே வாதாட வேண்டும்! பார்க்க வேண்டிய வேடிக்கை.
ஃபெடரல்: தகுதிக் கேள்வி எந்தக் கட்டத்திலும் எழலாம்.

கொள்கை வெளியிடாத குறை மட்டும் இருந்தால் மாநில நீதிமன்றமே வழி. ரேகை இன்னும் அவர்கள் கையில் இருந்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். அப்போதும் என் ஓட்டு மாநிலத்துக்கே.