18,500 ரூபாய்க்கு ஒரு வருடப் பொதி, 30 நாளில் கறுப்புத் திரை: டிவி பொக்ஸ் வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பின்னேரம் மூன்றாவது தடவையாக ஆரையம்பதியில் பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனுக்குப் போய், ஒரு கடை வாசலில் முக்கால் மணித்தியாலம் நின்று, "முதலாளி இல்ல அக்கா, நாளைக்கு வந்து பாருங்க" என்ற அதே பதிலை வாங்கிக்கொண்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். போனது 18,500 ரூபாய். சிலருக்கு இது ஒரு காசா என்று இருக்கும். எனக்கு அது தையல் மெசினில் குனிந்து குனிந்து சேர்த்துக் கட்டிய சீட்டுக் காசு. கடையின் பெயரைப் போடவில்லை. டிஷ், ரிமோட், போன் கவர் விற்று, ரீசார்ஜும் போட்டு, கண்ணாடி அலுமாரிக்குள் டிவி பொக்ஸ் அடுக்கி வைத்திருக்கிற சின்னக் கடை, அவ்வளவுதான் சொல்வேன். அதே வேலையை நேர்மையாகச் செய்கிற கடைகளும் டவுனில் இருக்கு, அவர்களின் வயிற்றில் அடிக்க எனக்கு விருப்பம் இல்லை.

எல்லாம் ஒரு நாடகத்தால் வந்த வினை. போன மாரியில் அடித்த காற்றுக்கு முகட்டில் இருந்த டிஷ் சரிந்து தாங்கி வளைந்து போச்சு. அம்மாவுக்கு எழுபத்தி இரண்டு வயது, முழங்கால் வருத்தம், கோயிலுக்கும் இப்ப போறது குறைவு. அவவுக்கு மிச்சம் இருக்கிற ஒரே பொழுதுபோக்கு இரவு 9.30 நாடகம். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் அங்கே 9.30 என்றால் இங்கேயும் 9.30 தான், அந்த நேரத்துக்கு வீட்டில் யாரும் குறுக்கே நடக்கக்கூடாது. 2022 பெப்ரவரியில் சன் டிவியில் எதிர்நீச்சல் தொடங்கின நாளில் இருந்து அம்மா பார்த்தவ. அதுக்கும் முந்தி 2003 தொடக்கம் 2009 வரை ஓடின கோலங்கள் நாடகத்தை, கேபிள் இருந்த பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்தவ. இரண்டுக்கும் இயக்குநர் ஒரே ஆள், திருச்செல்வம். அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் "இது அந்தப் பொடியன்ட நாடகம் போல கிடக்கு" என்று முதல் கிழமையே கண்டுபிடித்தவ. கோலங்களில் நடித்தும் இருந்தார்தானே, அந்த முகம் அவவின் மனதில் நின்றிருக்கு.

2024 ஜூனில் முதல் பாகம் முடிந்து, அதே வருட டிசம்பரில் "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்று இரண்டாவது பாகம் வந்தபோது நான் சந்தோசப்பட்டேனா கவலைப்பட்டேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. முதல் பாகத்தின் உயிரே வில்லன் ஆதி குணசேகரன்தான். மாரிமுத்து என்ற அந்த மனுசன் "ஏய், இந்தாம்மா" என்று ஒரு கை நீட்டினால் அம்மா வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திட்டத் தொடங்குவா. 2023 செப்டெம்பர் 8, அதே நாடகத்துக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சு நோ வந்து அவர் இறந்துபோன செய்தி வந்த அன்றைக்கு, நாளெல்லாம் திட்டின அதே அம்மா இரவு சாப்பிடவில்லை. அப்புறம் அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், குறை சொல்ல மாட்டேன், ஆனால் அவர் அதட்டினால் பயம் வருது, மாரிமுத்து அதட்டினால் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும். இரண்டாவது பாகத்தில் கதாநாயகி ஜனனியும் மாறியாச்சு, மதுமிதா இருந்த இடத்தில் பார்வதி. படித்த பெண்களைக் குசினிக்குள் பூட்டி வைத்த ஒரு வீடு, அதை எதிர்த்து நாலு மருமகள்கள் ஒன்று சேர்வது, அந்தக் கதைக்காகத்தான் நான் இழுவையைப் பொறுத்துக்கொண்டு பார்க்கிறேன். ஒரு கதவைத் தட்டினால் திறக்க இரண்டு நாள், அதற்குள் எல்லார் முகத்தையும் கெமரா ஒரு சுற்று சுற்றி வரும். பிறகு திடீரென்று அந்த மருமகள்களில் நந்தினியோ ரேணுகாவோ ஒரு வசனம் பேசுவார்கள், நம்ம வீட்டில் நாம் வாய் திறக்காமல் விழுங்கின வசனமாக இருக்கும், அந்த ஒரு நிமிசத்துக்காக மறுபடியும் அடுத்த நாள் 9.30க்கு உட்கார வேண்டியிருக்கு. பிடிக்குதா என்றால் இல்லை, விட முடியுதா என்றால் அதுவும் இல்லை. இப்படி அரை மனதோடு பார்க்கிற நாடகத்துக்கா 18,500 ரூபாய் கொடுத்தாய் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, கடைக்கு வாறன். டிஷ் திருத்தக் கேட்கத்தான் போனேன். கடைக்கார தம்பிக்கு முப்பது வயது இருக்கும், வியர்வை துடைக்க ஒரு துவாய் தோளில், கதை அவ்வளவு பணிவு. "அக்கா, டிஷ் எல்லாம் இனி சரிவராது, மழைக்கு ஒருக்கா காத்துக்கு ஒருக்கா ஏறி இறங்க ஏலுமா? பொக்ஸ் ஒண்டு போடுங்க, நெட்டில ஓடும், ஒரு வருசத்துக்குப் பாக்கத் தேவையில்ல" என்றார். நான் யோசிக்கிறதைப் பார்த்துவிட்டு, "அம்மா எந்த நாடகம் பாக்கிறவ?" என்று கேட்டார். சொன்னேன். ரிமோட்டை எடுத்து நாலு தட்டுத் தட்டினார், சுவரில் இருந்த பெரிய டிவியில் முந்தின நாள் எபிசோட் பளிங்கு மாதிரி வந்து நின்றது. பிறகு அந்தத் தம்பி சொன்னது இது: "எங்கட வீட்டிலயும் இதுதான் அக்கா. மாரிமுத்து போன பிறகு அம்மா நாடகமே வேணாமெண்டு இருந்தவ, மறுகா அவவே திரும்பிப் பாக்கத் தொடங்கிட்டா."

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். விலையைக் குறைக்கக்கூட நாக்கு எழவில்லை. பொக்ஸும் ஒரு வருடப் பொதியும் சேர்த்து 18,500. ரசீது கேட்டேன். பில் புத்தகம் முடிந்துவிட்டதாம், கடையின் கார்ட் ஒன்றின் பின்புறத்தில் "1 வருடம்" என்று பேனையால் எழுதித் தந்தார். கையெழுத்து இல்லை, திகதி இல்லை, தொகையும் இல்லை. "என்ன அக்கா, நான் எங்க ஓடப் போறன், இதில தானே இருக்கன்" என்று ஒரு சிரிப்பு. அந்தக் கார்ட் இப்ப எனக்கு முன்னால் மேசையில் கிடக்குது.

முதல் 11 நாள் நன்றாகத்தான் ஓடியது, பொய் சொல்லக்கூடாது. பன்னிரண்டாம் நாள் இரவு 9.34க்கு ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. நாடகத்தில் மருமகள் ஈஸ்வரி வாயைத் திறக்கிறா, வட்டம். மூடுறா, வட்டம். அடுத்த நாளும் அதே நேரம். பகலில் பழைய பாட்டு, செய்தி எல்லாம் ஒழுங்காக வரும், 9.30 என்றால் வட்டம். கடைக்கு எடுத்தேன். "உங்கட நெட் ஸ்லோ அக்கா" என்றார். ரவுட்டருக்கு 2,000 ரூபாய்க்கு மேலதிக டேட்டா போட்டேன், அதே வட்டம். பிறகு வட்ஸ்அப்பில் வொய்ஸ் நோட்டுகள் வரத் தொடங்கின. "சேர்வர் வேலை போகுது, ரெண்டு மணித்தியாலம் பொறுங்க." "கொழும்புக்குச் சொல்லியிருக்கன், நாளைக்குள்ள வந்திரும்." "பொக்ஸைக் கழட்டிப் பத்து நிமிசம் விட்டுப் போடுங்க." பத்து நிமிசம் கழட்டி விட்டுப் போட்டால் நாடகத்தின் பாதி முடிந்திருக்கும். அம்மா ஒன்றும் பேசாமல் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புள்ள, இந்த வட்டத்துக்கும் ஒரு வருசத்துக் காசு குடுத்தியா" என்று ஒரு நாள் கேட்டா. கேலியா கேள்வியா தெரியவில்லை.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கு. "2,500 ரூபாய் கட்டினா உங்களைப் புது லைனுக்கு மாத்தி விடுறன், அது விஐபி லைன், அசையாது" என்றார். கட்டினேன். 18,500 போட்டாச்சே, 2,500க்குப் பார்த்து அதை ஏன் வீணாக்குவான் என்ற கணக்கு. உண்மையிலேயே நாலு நாள் வட்டம் வரவில்லை. ஐந்தாம் நாள் இரவு திரை முழுக்கக் கறுப்பு, ஒரு ஆங்கில வரி, அவ்வளவுதான்.

அக்காவின் மகன் கல்லடியில் இருக்கிறான், கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை. வந்து செட்டிங்கைத் திறந்து எங்கேயோ போய் ஒரு பக்கத்தைக் காட்டினான். "சின்னம்மா, இதில முடிவுத் திகதி கிடக்கு, பாருங்க." பொக்ஸ் வாங்கின நாளில் இருந்து சரியாக 30 நாள். ஒரு வருடம் என்று என் தலையில் கட்டினது ஒரு மாத லைன். விஐபியும் இல்லை, புது லைனும் இல்லை, அதே கணக்கு, அதே திகதி, 2,500 ரூபாய் சும்மா போனது. அவன்தான் விளங்கப்படுத்தினான்: இந்த லைன்கள் சனலின் அனுமதி எடுத்து வருவது இல்லையாம். யாரோ எங்கேயோ இருந்து களவாகப் பிடித்து விடுகிறதை இன்னொருத்தர் மொத்தமாக வாங்கி, கடைகளுக்குத் துண்டு துண்டாக விற்கிறார்கள். தாங்கக்கூடியதை விடக் கூட ஆட்களுக்கு விற்றால் எல்லாரும் ஒரே நேரம் திறக்கிற 9.30க்குத் திணறும், பகலில் ஒழுங்காக வரும். சனல்காரர் கண்டுபிடித்து அறுத்தால் ஒரே இரவில் எல்லார் வீட்டிலும் கறுப்பு. களவுச் சாமானை நானும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்பது அப்பதான் உறைத்தது. அதுக்காக அந்தக் கடைக்காரர் செய்தது சரியாகிவிடாது, ஒரு மாதத்தை ஒரு வருடம் என்று விற்றது அந்தக் களவுக்குள் இன்னொரு களவு.

அதோடு தம்பியின் போன் அடங்கியது. முதலில் நீல டிக் வந்தது, பதில் இல்லை. பிறகு ஒற்றை டிக். பிறகு அவரின் படமே மறைந்தது. நேரில் போனேன். முதல் நாள், "கொழும்புக்குப் போயிட்டார்." இரண்டாம் நாள், "இப்பதான் சாப்பிடப் போனார்", ஒன்றரை மணித்தியாலச் சாப்பாடு. இன்றைக்குக் கடையில் நின்ற சின்னப் பொடியன் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு போன் கவரைத் துடைத்துக்கொண்டே, "பொக்ஸ் வேலை செய்யுது தானே அக்கா, லைனுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றான். சுவரில் அதே பெரிய டிவி. கதிரையில் ஒரு வயதான ஐயா, பக்கத்தில் மகள் போல ஒரு பிள்ளை, அவர்களுக்கு வேறு ஒருத்தர் நாடகம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேணும். சொல்லவில்லை. பஸ்ஸில் கல்லடிப் பாலம் தாண்டும்போதுதான் அழுகை வந்தது, காசுக்கா இதுக்கா தெரியாது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்று ஒரு இலக்கம் இருக்கு, நாளைக்கு அடிக்கிறேன். அவர்கள் முதலில் கேட்கப் போறது பில். என்னிடம் இருக்கிறது "1 வருடம்" என்று எழுதின ஒரு கார்ட்டும் ஏழு வொய்ஸ் நோட்டும்.

என்னென்ன பார்த்து வாங்க வேணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் எல்லாம் கதையாகப் போச்சு. சுருக்கமாக: பில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீங்க, அதில் தொகையும் திகதியும் எத்தனை மாதம் என்றும் இருக்க வேணும். ஒரு வருடக் காசை ஒரே தடவையில் கட்டவே கட்டாதீங்க. கடையில் நிற்கும்போதே முடிவுத் திகதியைத் திறந்து காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன் என்றால் இறங்கி வாங்க. "புது லைன்" என்று இரண்டாவது தரம் காசு கேட்டால் அது உங்கள் 2,500க்கும் ஆப்பு. ஏலுமென்றால் டிஷ்ஷையே திருத்துங்க, எனக்கு நேற்று ஒருத்தர் தாங்கி நிமிர்த்த 3,500 சொன்னார். கடைக்குக் கொடுத்தது 18,500, மேலே 2,500, மொத்தம் 21,000. அந்த 3,500ஐக் கேட்டவுடன் எனக்கு வந்த வாயை எழுத முடியாது.

இன்னும் இருக்கு, ஆனால் 9.20 ஆகுது. முன் வீட்டில் வரச் சொல்லியிருக்கிறார்கள், அம்மா சீலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறா, கதிரை தூக்கிக்கொண்டு போக வேணும்.